கதவைச் சாத்தாதீர்!

2019 டிசம்பர் 26 அன்று கார்வேட்டிநகரத்தில் சூரிய கிரகணம். "வெளியே போகாதேடா!" என்று பாட்டி கதவைச் சாத்திவிட்டார். ஓட்டுக் கூரையின் துளைகள் வழியே வெயில் பிறை பிறையாகத் தரையில் விழுந்தது. அதையே படம் பிடித்தேன். பாட்டியும் குனிந்து பார்த்து வியந்தார்!

1868 ஆகஸ்டு 18-இல் நம் ஆந்திரத்துக் குண்டூரில் டெனன்ட் குழுவினர் முழுக் கிரகணத்தைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தனர். சென்னை வானாய்வுக்கூடத்து ரகுநாதாச்சாரி வனபர்த்தி சென்று ஆராய்ந்தார். அவர் கதவடைத்துக் கிடந்தாரா?

கண்ணுக்கும் காமிராவுக்கும் வடிகட்டி வேண்டும். சூரியன் முழுதும் மறைந்த சில நிமிடங்கள் மட்டுமே அதை விலக்கலாம். அஞ்ச வேண்டியது ஒளிக்கே, இருளுக்கன்று.

2034 மார்ச் 20-இல் காஷ்மீர், லடாக் பக்கம் முழுக் கிரகணம் வருகிறது. நம் சங்கம் இன்றே உண்டியல் வைக்கட்டும். பாட்டிக்கு ஒரு படம் கொண்டுவர வேண்டும்!