"வெயில் அப்பவும் அடிச்சுதே" என்பவர்களுக்கு...

தோழர்களே, டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் தினமும் கேட்கும் வசனம்: "1964-ல தனுஷ்கோடியே போச்சு. அப்ப என்ன கார்பன்? எல்லாம் இயற்கை!"

புயல் அப்பவும் வந்தது. யாரும் மறுக்கலை. இப்ப பூமி ஏன் சூடாகுது என்பதுதான் கேள்வி.

"சூரியன்" என்கிறார்கள். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துட்டுதான் இருக்கு. சூரிய ஆற்றல் ஏறி இறங்குதே தவிர, கூடிக்கிட்டே போகலை. சூரியன்தான் காரணம்னா ஸ்ட்ராட்டோஸ்பியரும் சூடாகணும். அது குளிருது! கீழே சூடு, மேலே குளிர். அடுப்பு கூடலை சார், நடுவுல போர்வை தடிச்சிருக்கு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 280 பங்கு; இன்று 420-க்கும் மேல். அது நிலக்கரி, பெட்ரோல் எரித்து வந்ததுன்னு அந்தக் கார்பனின் ஐசோடோப்பே காட்டிக் கொடுக்குது.

1977-லேயே எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானி இதை நிர்வாகத்திடமே சொன்னார். கேட்டுக்கிட்டு, பிறகு வெளியே பல வருஷம் சந்தேகத்தை விற்றார்கள். அந்தச் சரக்கைத்தான் நம்ம மாமா இன்னைக்கு இலவசமா ஃபார்வர்ட் பண்றார்!

காற்று ஒரு டிகிரி சூடானா சுமார் 7% கூடுதல் ஈரம் தாங்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த ஒரு மழையே ஆதாரம்னு நாம அடிச்சுவிட மாட்டோம். ஆனா "இயற்கை"ன்னு கைகழுவினா, வடிகாலை எந்த மழைக் கணக்குக்குக் கட்டுவீங்க? தாத்தா காலத்துக் கணக்குக்கா?

பதில் இருந்தா கமெண்ட்ல வாங்க.