ஓரத்தில் அமர்த்தப்பட்டவர்

சென்ற மாதம் ஒருநாள் மாலை, செபமாலை முடிந்து நாம் கோயிற்கதவைச் சாத்திக்கொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து நின்றார். மகன் உயர்நிலைப் பள்ளி மாணவன், ஹாக்கி ஆட்டக்காரன். கடந்த 2 ஆண்டுகளாய்ப் பள்ளி அணியின் முன்வரிசையில் ஆடிக் கோல்கள் பல அடித்தவன். இவ்வாண்டு புதிதாய் வந்த பயிற்சியாளர் அவனை ஓரத்திலே உட்கார வைத்துவிட்டாராம். "சுவாமி, தாங்கள் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் தரவேண்டும். வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்றார் தந்தை. அவர் குரலில் கோபத்தைக் காட்டிலும் அவமானமே மிகுந்திருந்தது.

நாம் பையனைப் பார்த்து, "தம்பி, உன்னை ஏன் ஆட்டத்தில் இறக்கவில்லை என்று சார் உன்னிடம் சொன்னாரா?" என்று வினவினோம். இல்லையென்று தலையசைத்தான். "நீ போய்க் கேட்டாயா?" என்றோம். அதற்கும் தலையசைப்பே பதில். கடிதம் எழுதுவதா வேண்டாமா என்று நாம் உடனே முடிவு செய்யவில்லை. மாறாக, தன்ராஜ் பிள்ளையைப் பற்றிச் சிறிது பேசினோம். பையனுக்கு அப்பெயர் தெரியவில்லை. தந்தைக்கோ அப்பெயரைக் கேட்டவுடனே முகம் மலர்ந்தது. அன்று அவர்களிடம் அரைகுறையாய்ச் சொன்னதை இங்கே சற்று விரித்துச் சொல்ல விழைகின்றோம். ஏனெனில், ஓரத்தில் அமர்த்தப்படுதல் விளையாட்டுத் திடலில் மட்டும் நிகழ்வதன்று என்பதை நம் வாசகர்கள் நன்கறிவர்.

தன்ராஜ் பிள்ளை 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புனே நகரையடுத்த கடக்கியில், ஏழைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தையார் திடலைப் பராமரிக்கும் ஊழியர். ஐந்து ஆண்மக்கள் உள்ள வீடு. படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மண்திடலில், பிறர் எறிந்துவிட்ட பந்துகளையும் உடைந்த மட்டைகளையும் கொண்டே அப்பிள்ளைகள் ஆடினர். வறுமையிலும் மக்களை விளையாட்டிலிருந்து தடுக்காத தாயே தம் உயர்வுக்குக் காரணம் என்று தன்ராஜ் பின்னாளில் நன்றியோடு கூறியுள்ளார். தமையனார் ஒருவர் இந்தியாவுக்கு ஆடியவர். அவரைத் தேடிப் பம்பாய்க்குச் சென்ற தன்ராஜ், மகிந்திரா நிறுவன அணியில் சேர்ந்து ஜோக்கிம் கார்வாலோவிடம் பயின்றார். 1989-இல் இந்திய அணியில் இடம்பெற்றார். அன்று தொடங்கி 2004 வரை நாட்டுக்காக 339 ஆட்டங்கள். ஒலிம்பிக்கில் நான்கு முறை, உலகக் கோப்பையில் நான்கு முறை, ஆசிய விளையாட்டில் நான்கு முறை ஆடிய பேறு பெற்றவர் அவர்.

இத்தகையவரையும் இருமுறை ஓரத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதே நாம் சொல்ல வந்தது.

முதலாவது 1998-ஆம் ஆண்டின் முடிவில் நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அணித்தலைவர் தன்ராஜ், பயிற்சியாளர் எம்.கே. கௌசிக், 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியைச் சேர்ந்தவர். இறுதியாட்டத்தில் தென் கொரியாவோடு 1-1 எனச் சமநிலை ஏற்பட, பெனால்டி ஸ்ட்ரோக்குகளில் வெற்றி முடிவாயிற்று. கோல்காப்பாளர் ஆஷிஷ் பல்லால் அன்று ஆற்றிய பணியை ஹாக்கி அன்பர் எவரும் மறவார். இந்தியா அதற்குமுன் ஆசிய விளையாட்டு ஹாக்கியில் தங்கம் வென்றது 1966-இல், அதே பாங்காக் நகரில்! இடையே 32 ஆண்டுகள் ஓடியிருந்தன. நாடே கொண்டாடியது.

கொண்டாட்டம் ஓய்வதற்குள் அடுத்த தொடருக்கான அணி அறிவிக்கப்பட்டது. அதில் தன்ராஜ் இல்லை. மூத்த வீரர் வேறு சிலரும் இல்லை. அவர்களுக்கு 'ஓய்வு' அளிக்கப்பட்டிருப்பதாக அறிவித்தார்கள். ஆனால் ஆட்டக்காரர்க்கு ஆட்ட ஊதியமும் போதிய வசதிகளும் இல்லையென்று அணித்தலைவர் வாய்விட்டுக் குறை கூறியிருந்தார். அதற்கான தண்டனையே இது என்று பலரும் கருதினர். பாங்காக்கில் உடனிருந்த பயிற்சியாளர் கௌசிக்கும் பதவியில் நீடிக்கவில்லை.

தன்ராஜ் முன்கோபி எனப் பெயர் எடுத்தவர். மனத்தில் உள்ளதை அடக்கி வைக்கத் தெரியாதவர். இடமும் வேளையும் பாராமல் பேசியதுண்டு. இதையெல்லாம் நாம் மறைக்கவில்லை. எனினும், சொன்ன சொல் தவறென்றால் அதைக் குற்றம் என்று பெயரிட்டு முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். அவர் விடையிறுக்கவும் வாய்ப்பளித்திருக்க வேண்டும். 'ஓய்வு' என்ற நல்ல சொல்லைப் போர்த்தி அனுப்பியதால், அவர் எதை மறுப்பது? எதைத் திருத்திக்கொள்வது? கேளாத ஓய்வைக் கொடுத்துக் கதவைச் சாத்துகிற வழக்கம் அலுவலகங்களில் உண்டு, சங்கங்களில் உண்டு, நம் பங்குகளிலும் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நமக்குத் துணிவில்லை. பின்னர், 1999-2000 ஆண்டுக்குரிய கேல் ரத்னா விருதை நாடு அவருக்கு அளித்தது. ஒரு கை ஒதுக்க, மறு கை மாலையிட்டது.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருமுன், ஹாக்கி ஆட்டத்தில் நேர்ந்த மாற்றம் ஒன்றை இளைய வாசகர்களுக்கு விளக்குதல் நலம். ஒரு காலத்தில் இவ்வாட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் என்பவரே கிடையாது. இறங்கிய 11 பேர் இறுதிவரை ஆடவேண்டும். பின்னர் மாற்றாட்கள் வந்தனர். 1990-களின் தொடக்கத்திலோ, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்களை வெளியே அழைக்கலாம், மீண்டும் உள்ளே அனுப்பலாம் என்று விதி தளர்ந்தது. 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தபோதே ஆட்டத்தின் வேகம் கூடியிருந்தது. 1990-களின் பிற்பகுதியில் 'ஆஃப் சைடு' விதியும் நீக்கப்படவே, முன்வரிசையார் திடலின் நீளம் முழுவதும் ஓடவேண்டியதாயிற்று. ஆகவே ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் முன்வரிசையாரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி இறக்கும் முறையைக் கைக்கொண்டனர். அவர்கள் கணக்கில் ஓரத்து இருக்கை அவமானத்தின் இடமன்று. மூச்சு வாங்கும் இடம். ஒலிம்பிக் அணியில் இருந்த 16 பேரும் அவர்களுக்கு ஆட்டக்காரர்களே.

தன்ராஜோ பழைய மரபில் வந்தவர். முகமது ஷாகிதைக் கண்டு வியந்து, அவரைப் போல் ஆட முயன்று வளர்ந்தவர். பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு, எதிரிகளை ஒருவர்பின் ஒருவராய் ஏய்த்து ஓடுவது அக்கலை. அத்தகைய ஆட்டக்காரருக்கு ஆட்டத்தில் ஊறுவதற்கு நேரம் வேண்டும். சில நிமிடம் ஆடு, பிறகு வந்து உட்கார் என்றால், வித்துவானை ஆலாபனையின் நடுவில் எழுப்பிவிட்டுப் பிறகு வந்து தொடரச் சொல்வது போன்றதே. இதில் பயிற்சியாளர் தீயவருமல்லர், ஆட்டக்காரர் செருக்கருமல்லர். இருவேறு ஆட்டங்கள் ஒரே திடலில் மோதுகின்றன.

அம்மோதல் தவிர்க்க முடியாததும் அன்று. 2003-ஆம் ஆண்டைப் பாருங்கள். அப்போது பயிற்சியாளர் ராஜிந்தர் சிங். 2001-இல் ஹோபார்ட் நகரில் இளையோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியைப் பயிற்றுவித்தவர் அவரே. அவ்வணியில் வளர்ந்த ககன் அஜித் சிங், தீபக் தாக்கூர் போன்ற இளைஞர்கள் மூத்தோர் அணிக்கு வந்திருந்தனர். அவர்களுக்கும் தன்ராஜுக்கும் ஏறத்தாழ 12 ஆண்டுகள் வயது வேற்றுமை. 35 வயதான மூத்தவரை அணித்தலைவராய் வைத்துக்கொண்டே கோலாலம்பூரில் ஆசியக் கோப்பையை அவ்வணி வென்றது; இறுதியாட்டத்தில் பாக்கிஸ்தானை 4-2 எனத் தோற்கடித்தது. ஆசியக் கோப்பை இந்தியாவுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. பயிற்சியாளர், மூத்தவர், இளையவர் என்ற மூன்று இழையும் சேர்ந்து முறுக்கேறிய கயிறாய் அவ்வணி தோன்றியது. இவ்வொற்றுமை ஒரு மாதத்தில் விளைந்ததன்று. பழகிப் பழகி விளைந்தது.

அதைத்தான் அறுத்தார்கள். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது ராஜிந்தர் சிங் நீக்கப்பட்டு, ஜெர்மானியர் கெர்ஹார்ட் ராக் பயிற்சியாளராய் அமர்த்தப்பட்டார். மொழி வேறு, முறை வேறு. அணியின் பெயர்களைச் செவ்வையாய்ச் சொல்லிப் பழகவே அக்காலம் போதாது என்போம். அணித்தலைவர் திலீப் திர்க்கி. தன்ராஜ் சாதாரண உறுப்பினராய்ச் சென்றார். அவருக்கு வயது 36. ஒலிம்பிக் பதக்கமோ உலகக் கோப்பைப் பதக்கமோ அவருக்கு அதுவரை கிட்டவில்லை. 2000-இல் சிட்னியில் போலந்துக்கு எதிரான ஆட்டம் முடிய இரண்டு நிமிடமும் இல்லாத வேளையில் எதிரணி சமன்செய்ததால் அரையிறுதி கைநழுவிப் போன துயரம் வேறு நெஞ்சில் இருந்தது. இது கடைசி வாய்ப்பு என்பதை அவர் அறிவார், அனைவரும் அறிவர்.

ஏதென்ஸில் அவர் பெரிதும் ஓரத்திலிருந்தே ஆட்டங்களைக் கண்டார். இந்தியா 7-ஆம் இடம் பெற்றது. தென் கொரியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்திலும் மிகக் குறைந்த நேரமே அவர் களத்தில் நின்றார். 15 ஆண்டுக் காலப் பணி அப்படியாக முடிந்தது.

இதை அநீதி என்பதா? நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. 36 வயதுக் கால்களை எவ்வளவு நேரம் நம்பலாம் என்று கணக்கிடுவது பயிற்சியாளரின் கடமை. 16 பேரின் உழைப்பு அவர் கையில் உள்ளது. ஒருவருடைய விடைபெறுதலுக்காக ஒலிம்பிக் ஆட்டத்தை அவர் ஒதுக்கி வைக்க முடியாது. ஆதலால் 1998-இல் நடந்ததை நாம் கண்டிப்பது போல் 2004-இல் நடந்ததைக் கண்டிக்க நமக்கு மனமில்லை. ஆனால், அந்த முடிவின் நியாயத்தை அம்மனிதர் ஏற்கும்படி எடுத்துச் சொல்லப் பயிற்சியாளருக்கு உறவும் இல்லை, கால அவகாசமும் இல்லை. சில வாரங்களுக்குமுன் வந்த அந்நியர், 15 ஆண்டுகள் ஆடியவரிடம் 'உட்காருங்கள்' என்று சொன்னால், சொல் சரியாகவே இருந்தாலும் அது காதில் வேறாகத்தான் விழும். அவரை அந்த நிலையில் கொண்டு நிறுத்தியவர்களையே நாம் குறை கூறுவோம். 1992 முதல் 2004 வரை தன்ராஜ் ஆடிய நான்கு ஒலிம்பிக்குகளில் எந்த இரண்டிலும் ஒரே பயிற்சியாளர் இருந்ததில்லை. 2002 உலகக் கோப்பையிலோ, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே செட்ரிக் டி சூசா நீக்கப்பட்டார். ஆண்டுக்கொரு மேய்ப்பர் மாறினால் ஆடுகள் யார் குரலை அறியும்?

பின்னர் நேர்ந்ததையும் சொல்லிவிடுவோம். 2008 மார்ச்சில் சிலி நாட்டுச் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, 1928-க்குப் பிறகு முதன்முறையாக ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் இந்தியா திரும்பியது. அன்று அணியின் பயிற்சியாளர், பம்பாயில் இளம் தன்ராஜைப் பயிற்றுவித்த அதே கார்வாலோ. தோல்வியின் பழியைத் தாம் ஏற்றுப் பதவி விலகினார். அடுத்த சில வாரங்களில் ஹாக்கி சம்மேளனத்தையே இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது.

இனிப் பையனிடம் திரும்புவோம். கடிதம் நாம் எழுதவில்லை. தந்தைக்கு அதில் வருத்தமே. பையனிடம் மட்டும், "திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும், மற்றவர் போனபின், நீயே சாரிடம் போய் ஏன் என்று பணிவாய்க் கேள். அவர் சொல்லும் விடையை வந்து எமக்குச் சொல்" என்று கூறி அனுப்பினோம். உள்ளபடியே சொன்னால், அந்தப் பயிற்சியாளர் எரிந்து விழுவாரோ என்ற அச்சம் நமக்கும் இருந்தது. அவ்வாறாயின் நாமே நேரில் செல்வதென்று மனத்துள் முடிவு செய்திருந்தோம்.

பையன் செவ்வாய் மாலையே வந்துவிட்டான். சார் சினக்கவில்லையாம். சற்று நேரம் அவனைப் பார்த்திருந்துவிட்டு, "பந்து நம் கையை விட்டுப் போனதும் நீ நின்றுவிடுகிறாய். திரும்பி ஓடித் தடுப்பவன் எனக்கு வேண்டும்" என்றாராம். இதை யாரும் அவனிடம் அதற்குமுன் சொன்னதில்லை. கோல் அடித்த காலத்தில் அனைவரும் கைதட்டினார்களே அன்றி, எவரும் அவன் நிற்பதைக் கவனிக்கவில்லை.

இப்போது அவன் காலை 5 மணிக்கெழுந்து கோயில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான். பூசைக்கு மணியடிக்க வரும் உபதேசியார்தாம் நமக்குச் சாட்சி. கடந்த இரு ஆட்டங்களில் மூன்றாவது கால்பகுதியில் அவனை இறக்கினார்களாம். இன்னும் கோல் எதுவும் அடிக்கவில்லை. தந்தையார் நிறைவடைந்ததாய்த் தெரியவில்லை. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தவர், நமக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, "முதல் கால்பகுதியிலேயே இறக்கலாம் அல்லவா, சுவாமி?" என்றார்.