ரேஸில் தோற்ற குதிரையை வாங்கலாமா? பழக்கி விற்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை!

வில்லியனூர் பக்கத்து மக்களுக்குக் குதிரை புதிதல்ல. ஊர் எல்லையில் அய்யனாருக்குக் காவலாக நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தக் குதிரைகளுக்குக் கொள்ளு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், லாடம் வேண்டாம். ஒருமுறை செய்து நிறுத்திவிட்டால் போதும்.

உயிருள்ள குதிரை அப்படியில்லை. ஆனால், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் குதிரையேற்றப் பயிற்சி, கடற்கரைச் சவாரி என்று ஆர்வம் பெருகப் பெருக, "ஒரு குதிரையைக் குறைந்த விலைக்கு வாங்கி, நன்றாகப் பழக்கி, நல்ல விலைக்கு விற்றால் என்ன?" என்ற யோசனை பலருக்கும் வருகிறது. பாகூரில் வயலும் மாட்டுக் கொட்டகையும் இருக்கும் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இந்த யோசனை வந்ததாக வைத்துக்கொள்வோம். வீட்டில் அம்மா கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "மாடு வாங்கினா பால் கறக்கும். குதிரை என்னத்தப்பா கறக்கும்?"

சிரிப்பு வந்தாலும், சரியான கேள்வி. குதிரை ஒன்றும் கறக்காது. விற்கும் நாள் வரை செலவு மட்டும்தான். அதனால், இந்தத் தொழிலில் லாபமா நஷ்டமா என்பது விற்கும் நாளில் முடிவாவதில்லை, வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

குறைந்த விலைக் குதிரை எங்கிருந்து வருகிறது?

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டி நடக்கும் குதிரைச் சந்தை ஒரு வழி. நாட்டுக் குதிரைகளும், மார்வாரி, கத்தியவாரி போன்ற வடநாட்டுக் குதிரைகளும் அங்கே வருகின்றன.

இன்னொரு வழி, ரேஸிலிருந்து ஓய்வு பெறும் 'தாரோபிரெட்' குதிரைகள். 2 வயதில் ஓடத் தொடங்கும் இந்தக் குதிரைகளில் பலவற்றுக்கு 5, 6 வயதிலேயே ரேஸ் வாழ்க்கை முடிந்துவிடும். நன்றாகப் பராமரித்தால் குதிரை 25 வயதுக்கு மேலும் வாழும். மிச்சமிருக்கும் 20 ஆண்டுகள் அது எங்கே போகும் என்பதுதான் கேள்வி. 2024-ல் ஊட்டி, கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலங்களை மீட்கத் தமிழக அரசு நடவடிக்கை எடுத்தபோது, எல்லோரும் நிலத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால், ரேஸ் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் குதிரைகள் ஓய்வு பெற்று வெளியே வந்துகொண்டுதான் இருக்கின்றன.

தோல்வி ஒரு குறையல்ல!

ரேஸ் குதிரையை விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "ஏன் ஓட்டத்தை நிறுத்தினார்கள்?" என்று கேட்க வேண்டும்.

"மெதுவாக ஓடியது, ஜெயிக்கவில்லை" என்பது பதிலாக இருந்தால், அது நல்ல செய்தி. சவாரிக்கு வேகம் தேவையில்லை. வேகமில்லாத காரணத்தால் வெளியே வந்த குதிரைக்குக் கால் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பல ரேஸ்கள் ஓடியும் கால் கெடாமல் இருக்கும் குதிரையும் நம்பத் தகுந்ததுதான். அந்தக் கால் ஏற்கெனவே தேர்வு எழுதித் தேறிவிட்டது.

"ஜெயித்த குதிரைதான், நடுவில் காலில் சின்ன அடி" என்ற பதில் வந்தால் நிதானமாகப் பாருங்கள். கோப்பை வாங்கிய பெருமைக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, நொண்டும் குதிரையோடு வீடு திரும்பக் கூடாது.

காலைப் பாருங்கள், பிறகு பல்லைப் பாருங்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையைத் தாராளமாகப் பிடித்துப் பார்க்கலாம். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரை வயதிலும், ஓர ஜோடி நாலரை வயதிலும் விழுந்து முளைக்கும். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பல்லின் தேய்மானத்தை வைத்து வயதைத் தோராயமாகத்தான் சொல்ல முடியும்.

பல் வயதைத்தான் சொல்லும், பிழைப்பைச் சொல்வது கால். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, பின்பக்கமாகக் கையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அங்கேதான் தசைநாண்கள் இருக்கின்றன. ரேஸ் குதிரைகளில் அதிகம் அடிபடும் இடம் அது. ஒரு காலைவிட இன்னொரு கால் சூடாக இருந்தாலோ, வில் போல வெளியே வளைந்து வீங்கியிருந்தாலோ, பழைய காயம் இருக்கிறது என்று அர்த்தம். ஆறிய காயமாகவும் இருக்கலாம். ஆனால், அதை விலையிலும் வேலையிலும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்து, கெட்டியான தரையில் நேர்கோட்டில் துள்ளு நடையில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் வலிக்கும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். மணல் தரையிலோ புல் தரையிலோ ஓட்டிக்காட்டினால் சின்ன நொண்டல் தெரியாமல் போகலாம்.

பகலில் பரி, இரவில் நரி

மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் அந்தத் திருவிளையாடல் இன்றும் நடத்திக்காட்டப்படுகிறது. பகலில் பார்த்த பாண்டியனுக்கு எல்லாம் அருமையான குதிரைகள். இரவில் லாயத்தில்தான் உண்மை தெரிந்தது.

குதிரை வாங்கப் போகிறவர்களும் லாயத்தில்தான் அதைப் பார்க்க வேண்டும். சேணம் போட்டுத் தயாராக நிறுத்தியிருக்கும் குதிரையை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். கொட்டகையில் தனியாக நிற்கும்போது எப்படி இருக்கிறது? கட்டையைக் கவ்விக் காற்றை உறிஞ்சுகிறதா? இடமும் வலமும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கிறதா? ஆள் போனால் காதைப் பின்னால் மடிக்கிறதா? குளம்பைத் தூக்கினால் தூக்க விடுகிறதா? இதையெல்லாம் கவனியுங்கள்.

முதலில் விற்பவரின் ஆள் ஏறி ஓட்டட்டும். பிறகு நீங்கள், தலைக்கவசத்தோடு. சொல்லாமல் இன்னொரு நாள் போய் மறுபடியும் பாருங்கள். மயக்க மருந்து கொடுத்து அமைதியாக நிற்க வைத்திருந்தால், இரண்டாவது நாள் தெரிந்துவிடும்.

சுழியை என்ன செய்வது?

நம் ஊரில் குதிரை என்றதும் சுழி பார்க்காமல் யாரும் நகர மாட்டார்கள். கெட்ட சுழி என்று ஒதுக்கப்படும் குதிரை விலை குறைவாகக் கிடைப்பதும் உண்டு. சுழிக்கும் காலின் பலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவரும் சுழி பார்ப்பவராக இருக்கலாம். குறைத்து வாங்கியதைக் குறைத்துத்தான் விற்க வேண்டியிருக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

சுழிக்கு வேறொரு பயன் இருக்கிறது. தாரோபிரெட் குதிரைகளுக்கு அடையாளக் குறிப்புகளோடு பாஸ்போர்ட் உண்டு. நெற்றி வெள்ளை, கால் வெள்ளையோடு சுழி இருக்கும் இடத்தையும் அதில் குறிப்பார்கள். அதிர்ஷ்டத்துக்காக அல்ல, கைரேகை மாதிரி ஆள் அடையாளத்துக்காக! பாஸ்போர்ட்டில் உள்ள குதிரையும் எதிரில் நிற்கும் குதிரையும் ஒன்றுதானா என்று சுழியை வைத்தே சரிபார்க்கலாம்.

மருத்துவர் சொன்ன பிறகுதான் பணம்

இவ்வளவு பார்த்த பிறகும், கால்நடை மருத்துவர் பார்க்காமல் வாங்கக் கூடாது. வில்லியனூர் போகும் வழியிலேயே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குதிரை வைத்தியம் தெரிந்த மருத்துவர் யார் என்று அங்கே விசாரிப்பது நல்ல தொடக்கம். விற்பவரின் மருத்துவரே சான்று கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இதயம், நுரையீரல், கண், கால் எல்லாவற்றோடும் 'கிளாண்டர்ஸ்' நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் முக்கியம். மூக்கில் சளி, தோலில் கட்டிகள், புண்கள் என்று வரும் இந்த பாக்டீரியா நோய் மனிதர்களுக்கும் தொற்றும், உயிரையும் பறிக்கும். தடுப்பூசி இல்லை. நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியிருக்கும். ஹரியானா மாநிலம் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனைகளைச் செய்கிறது. குழந்தைகள் விளையாடும் வீட்டுக்குப் பக்கத்தில் குதிரையைக் கட்டப்போகிறவர்கள் இந்த ஒரு பரிசோதனையை மிச்சம் பிடிக்கவே கூடாது.

வைக்கோல் போர் போதாது

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போடலாம் என்று தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. மாடு அசைபோடும் பிராணி, வைக்கோலைச் செரித்துவிடும். குதிரைக்கு ஒற்றை வயிறு. சத்துக் குறைந்த, முரட்டு வைக்கோலை மட்டுமே தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. 'கோலிக்' என்னும் வயிற்றுவலி ஒரே இரவில் குதிரையைக் கொன்றுவிடும்.

400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 8 கிலோ நல்ல உலர்தீவனமும், 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் வேண்டும். வெயில் நாளில் தண்ணீர் இன்னும் கூடும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு வெட்டி லாடம் மாற்ற வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் கொட்டகைத் தரை சொதசொதவென்று இருந்தால் குளம்பு அழுகும். மேட்டில், ஈரமில்லாத தரை தயாராவதற்கு முன்னால் குதிரையைக் கொண்டுவரக் கூடாது.

பழக்குவது என்றால் மறக்க வைப்பதும்தான்

ரேஸ் குதிரைக்கு வேலை தெரியாது என்பதில்லை. தெரிந்த வேலை வேறு. கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் பல ரேஸ் குதிரைகள் நிற்காது, அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும். ஜாக்கியை ஒருவர் தூக்கிவிட, நடந்துகொண்டே ஏற்றிப் பழகியிருக்கும். ஆள் ஏறும் வரை அசையாமல் நிற்பது அதற்குப் புதுப் பாடம்.

அதனால் வந்தவுடன் சேணம் போடக் கூடாது. முதல் சில வாரங்கள் ஓய்வு. தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புல்லைக் கூட்ட வேண்டும். ரேஸ் பயிற்சியில் இருக்கும் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிகவும் சகஜம். முரண்டு என்று நாம் நினைப்பது வலியாகவும் இருக்கலாம். பிறகு கையில் பிடித்து நடத்துவது, நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட்டுவது, அதன்பின் சவாரி. பேருந்து ஹாரன், பறக்கும் பிளாஸ்டிக் பை, நாய், மேளம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவசரமாகப் பழக்கி, வாணவேடிக்கை வெடிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்புவது குதிரைக்கும் ஆபத்து, மாப்பிள்ளைக்கும் ஆபத்து.

விற்கும்போது எதை மறைக்கலாம்?

எதையும் மறைக்கக் கூடாது. இது வெறும் நல்லெண்ண உபதேசம் அல்ல. கால் வலியை மறைத்து விற்ற குதிரையின் மேல் நாளை ஏறப்போவது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. நொண்டும் குதிரை கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கையிலும் விலை குறையும், தீவனம் குறையும், வேலை மட்டும் கூடும். உடல் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட.

எனவே பாஸ்போர்ட், மருத்துவ அறிக்கை, போட்ட தடுப்பூசிகள், பழைய காயம், அதற்குப் பிடிக்காத விஷயங்கள், புதிதாகப் பழகுபவர் ஏறலாமா கூடாதா என்பது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் குதிரையோடு கொடுங்கள். வாங்குபவர் சில நாள்கள் வந்து ஓட்டிப் பார்க்கட்டும். ஒத்துவராவிட்டால் திரும்பப் பெறுவதாகவும் எழுதிக் கொடுங்கள்.

அப்படி எழுதிக் கொடுக்கும் தைரியம் விற்கும் நாளில் வர வேண்டுமானால், வாங்கும் நாளில் குதிரையைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். கூடவே, வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்கும் போட்டுவிட வேண்டும்: இந்தக் குதிரை விற்கவே இல்லை என்றால், இதை வைத்துக் காப்பாற்ற நம்மால் முடியுமா?

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று சும்மா சொல்லவில்லை. சங்கராபரணிக் கரையிலும் தென்பெண்ணைக் கரையிலும் இருப்பவர்களுக்கு அது இன்னும் நன்றாகவே தெரியும். நகையை அடகு வைத்துத்தான் குதிரை வாங்க வேண்டும் என்ற நிலை என்றால், இந்த ஆண்டு வேண்டாம். அருகில் இருக்கும் ஏதாவது ஒரு குதிரை லாயத்தில் சில மாதங்கள் வேலை பழகுங்கள். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யவும், நொண்டலைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்ட பிறகு வாங்கும் குதிரை, நிச்சயம் வேறு குதிரையாக இருக்கும்.