தண்ணியைத் தொடாத எஞ்சினியர்கள்

மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. மெக்கானிக்கல் கடைசி வருட ப்ராஜெக்ட் வைவாவுக்கு வெளித்தேர்வாளராகப் போயிருந்தேன். ஒரு தம்பி திரையில் படம் போட்டான். சிவப்பும் நீலமுமாக ஒரு தாரை பாம்பு போல நெளிந்தது. தலைப்பு: ஃப்ளூயிடிக் ஆசிலேட்டர் வடிவமைப்பு.

"உள்ள வர்ற வேகம் பத்து மீட்டர்னு இருக்கே தம்பி, ஏன் பத்து?"

"சார்… ஃபைல்ல அப்படித்தான் இருந்துச்சு சார்."

"செஞ்சு பாத்தீங்களா?"

"இல்ல சார், இது சிமுலேஷன்."

ஃபைல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மதுரையில் ப்ராஜெக்ட் சென்டர் எங்கே இருக்கிறது என்று எந்த மாணவனைக் கேட்டாலும் வழி சொல்வான். அவனுடைய கைடுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எல்லாருக்கும் போடுவது போல அவனுக்கும் எண்பதுக்கு மேல் போட்டுவிட்டு, கல்லூரி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி நான்தான்.

என் கோபம் எதற்கென்று புரிய வேண்டுமானால், அந்தக் கருவி எவ்வளவு எளிமையானது என்று தெரிய வேண்டும். பாடநூல் தமிழில் 'பாய்ம அலையியற்றி' என்று சொல்லலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தட்டைப் பெட்டி. ஒரு முனையில் குறுகிய வாய், நடுவில் கொஞ்சம் அகன்ற அறை, அறைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்ன வாய்க்கால்கள், மறுமுனையில் வெளிவாய். தண்ணீரோ காற்றோ அறைக்குள் நுழைந்ததும் நட்டநடுவே போகாது. ஏதாவது ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர் கோஆண்டா விளைவு. ஒட்டிய தாரையில் ஒரு பங்கு அந்தப் பக்க வாய்க்காலில் புகுந்து, திரும்பி வந்து, தாரையின் அடியிலேயே முட்டித் தள்ளும். தாரை எதிர்ச்சுவருக்குத் தாவும். அங்கேயும் அதே கதை. வெளிவாயில் பார்த்தால் தாரை வலமும் இடமுமாக விசிறிக்கொண்டே இருக்கும். மோட்டார் இல்லை, வால்வு இல்லை, அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. அத்தனை வேலையும் வடிவம் செய்கிறது.

1960 வாக்கில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் இந்தத் துறை பிறந்தது. காற்றையே வைத்து கம்ப்யூட்டர் செய்துவிடலாம் என்று அப்போது கனவு கண்டார்கள். டிரான்சிஸ்டர் அந்தக் கனவை முடித்துவைத்தது. கருவி சாகவில்லை. இன்று பல கார்களின் முன்கண்ணாடியில் தண்ணீர் விசிறுகிற நாஸிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

விமானத்துக்கும் போயிருக்கிறது. டேக்‑ஆஃபின்போது ஒரு எஞ்சின் நின்றால் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். அதை நேராகப் பிடித்து நிறுத்தும் அளவுக்குச் செங்குத்து வால் பெரிதாக இருந்தாக வேண்டும். எப்போதோ வரக்கூடிய அந்தச் சில நிமிடங்களுக்காக ஆயுள் முழுக்க அந்த எடையைச் சுமக்கிறார்கள். சுக்கானை அதிகமாகத் திருப்பினால் காற்று அதன் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும், விசை குறையும். பிரிகிற இடத்தில் விசிறும் தாரைகளை ஊதினால் காற்று மறுபடி ஒட்டும். சின்ன வாலே போதும். நாசாவும் போயிங்கும் முதலில் சிறிய மாதிரியில் சோதித்தார்கள். பிறகு, 2013‑இல், ஓய்வுபெற்ற 757 விமானம் ஒன்றின் முழு வாலையே கொண்டுவந்து ராட்சதக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தினார்கள். பக்க விசை 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. 2015‑இல் 31 தாரைகளோடு விமானத்திலேயே பொருத்திப் பறந்தார்கள். அங்கே கிடைத்தது 13 முதல் 16 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள்.

உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர்கள் சில அவர்களிடம் இருக்கின்றன. அப்படியும் வாலைக் கழற்றிக்கொண்டு வந்து காற்றில் நிறுத்தினார்கள். லேப்டாப் சூடாகும் நம்மாட்களோ "சிமுலேஷன் போதும் சார்" என்கிறார்கள். சிமுலேஷனை நான் மறுக்கவில்லை. செய்து பார்க்க ஆயிரம் வடிவங்கள் இருக்கும்போது எந்தப் பத்தைச் செய்வது என்று அது சொல்லும். பூஜ்ஜியம் வடிவங்களைச் செய்கிறவனுக்கு அது சொல்ல ஒன்றுமில்லை. கலர் படம்தான் மிச்சம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை ஷேர் செய்து, கீழே குமிழித் தூம்பு படம் போட்டு, "நம் முன்னோர் அன்றே கண்டது" என்று எழுதப்போகிறவர்கள். ஐயா, கண்மாயும் மடையும் கலிங்கும் கட்டியவர்கள் ஆசிலேட்டர் செய்யவில்லை. செய்தார்கள் என்று சொன்னால், அவர்கள் உண்மையில் செய்த வேலையை அவமதிக்கிறோம். அவர்கள் செய்தது என்ன? வெள்ளம் எங்கே கரையை அறுக்கிறது என்று போய் நின்று பார்த்தார்கள். உடைந்ததைத் திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கும் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர், வாய்க்கால் பிரியும் இடத்தில் ரெண்டு வெட்டு மண்ணை எங்கே போட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்தவர். அது கை அறிந்த அறிவு. வாட்ஸப்பில் பெருமையை ஃபார்வர்ட் செய்யலாம், இந்த அறிவைச் செய்ய முடியாது. உங்கள் ஊர்க் கண்மாயின் கலிங்கு எங்கே இருக்கிறது என்று நீங்கள் போய்ப் பார்த்ததுண்டா?

ஒரு கூட்டம் ஃபைலை விலைக்கு வாங்குகிறது, இன்னொன்று பெருமையைச் சும்மா வாங்குகிறது. ரெண்டு பேர் கையும் நனையவில்லை.

"வசதி இல்ல சார்" என்பார்கள். சரி, வசதி என்ன வேண்டும்? போன மழைக்காலத்தில் மூன்று மாணவர்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். நேம் போர்டு கடையில் நாலு மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் வடிவத்தை லேசரில் வெட்டி, மேலும் கீழும் தகடு வைத்துத் திருகினோம். மொட்டைமாடி டேங்கிலிருந்து ஒரு ட்யூப். மொத்தச் செலவு, ஃபைலுக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

முதல் பெட்டி ஆடவே இல்லை. தாரை இடது சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தது. "என்ன சார், செத்துருச்சா?" என்றான் ஒருத்தன். தகடுகளுக்கு நடுவே கசிவு. பக்க வாய்க்காலில் அழுத்தம் சேரவில்லை. திறந்து, ரப்பர் ஷீட் வைத்து, மறுபடி திருகினோம். இரண்டாவது முறை கொஞ்சம் துடித்து நின்றது. வாய்க்காலை அகலமாக்கி வெட்டிய மூன்றாவது பெட்டி ஆடியது. ஃபோனில் வினாடிக்கு 240 ஃப்ரேம் வைத்துப் பிடித்தார்கள். ஏறக்குறைய 20 ஃப்ரேமுக்கு ஒருமுறை தாரை போய்த் திரும்பியது. அப்படியானால் வினாடிக்கு 12. குழாயைப் பாதி மூடினால் ஆட்டம் மெதுவானது. வேகமும் அதிர்வெண்ணும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும் என்று நான் சொல்லவில்லை. அவர்களே சொன்னார்கள், சட்டையெல்லாம் நனைந்துபோய்.

இனி அவர்களிடம் "ஏன் பத்து?" என்று கேட்டால் பதில் வரும். "பத்து வராது சார், டேங்க் உயரத்துக்கு அவ்வளவு வேகம் கிடையாது" என்று.

ஆசிரியர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த வைவாவில் பாய்மம் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறவன் ஒரு பெட்டியைக் கொண்டுவரட்டும். ஆடாத பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. ஏன் ஆடவில்லை என்று சொல்லத் தெரிந்தால் அவனுக்கு எண்பது போடுங்கள். ஆடும் படத்தை மட்டும் காட்டுகிறவனைத் திருப்பி அனுப்புங்கள். அடுத்த முறை நானும் அனுப்புவேன். அதற்காக அந்தக் கல்லூரி என்னை மறுபடி கூப்பிடாமல் போகலாம். டீ நன்றாகத்தான் இருந்தது, போகட்டும்.