கழுத்தில் தொங்கும் கத்தி
பட்டறைக்குப் பதிவேடு வந்தது. பையனுக்கு யார் காவல்?

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் கூட்டம் சொல்லி முடியாது. ஒரு பக்கம் கல்யாணம். இன்னொரு பக்கம் மொட்டை. குழந்தையின் தலையில் கத்தி ஓடுகிறது. தாய் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஏன் பயம் இல்லை? கத்தி யார் கையில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்த இரண்டும் தெரியாவிட்டால்தான் பயம்.

இப்போது ஒரு தினுசுக் கத்தி வந்திருக்கிறது. அலகு சிறியது. மடங்காது. தோல் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் உறை. உறையில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். கத்தி தலைகீழாகத் தொங்கும். உறையின் இறுக்கம்தான் அதை விழாமல் பிடிக்கிறது. கீழே இழுத்தால் கைக்கு வந்துவிடும். செல்போனில் பணம் கட்டினால் வீட்டு வாசலுக்கே வருகிறது.

இது குற்றமா?

அங்குலக் கணக்கு

ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் 2016-ம் ஆண்டு விதிகள் ஓர் அளவு சொல்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் அது ஆயுத வகை. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு.

கழுத்துக் கத்தி இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அதனால் நிம்மதியா? இல்லை!

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-வது பிரிவைப் பாருங்கள். வெட்டும் கருவியால் காயம் செய்தால் 3 ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் ஆயுள் தண்டனை வரை போகலாம். அங்கே அங்குலக் கணக்கே கிடையாது.

சீக்கியரின் கிர்பான்

சீக்கியர்கள் கிர்பான் அணிவதை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உள்நாட்டு விமானத்தில்கூட, அலகு 6 அங்குலமும் மொத்தம் 9 அங்குலமும் தாண்டாத கிர்பானுக்கு 2022-ல் அனுமதி வந்தது. கனடா உச்ச நீதிமன்றம் 2006-ல் ஒரு சீக்கிய மாணவன் பள்ளிக்குக் கிர்பான் அணிந்து வரலாம் என்றது. ஆனால் அது உறைக்குள், உடைக்குள் வைத்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும்!

உரிமையும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு.

பழைய உலை, புதிய பதிவேடு

இரும்பு நம் மண்ணுக்குப் புதிதல்ல. பழைய தென்னாற்காடு ஜில்லாவின் மேல்சிறுவளூரில், மண் மூசையில் உருக்குக் காய்ச்சிய தடயம் கிடைத்திருக்கிறது. சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் 1830-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை வைத்தார்.

இன்றைய கொல்லர் பழைய லாரியின் வில்பட்டையை உலையில் இட்டுச் சிவக்கக் காய்ச்சுகிறார். சம்மட்டியால் அடிக்கிறார். தோய்த்து, சாணை பிடித்து, அரிவாள் ஆக்குகிறார். கரும்பு வெட்டவும் தேங்காய் சீவவும் அது வேண்டும்.

2021 செப்டம்பரில் தமிழகம் முழுவதும் ரவுடிகளைப் போலீசார் வேட்டையாடினார்கள். அப்போது பட்டறைகளுக்கும் உத்தரவு போனது: வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரை எழுதி வையுங்கள்!

உத்தரவில் நியாயம் உண்டு. ஆனால் அது பட்டறை வாசலோடு நின்றுவிடுகிறது. பார்சலில் வரும் கத்தி கொல்லரின் நோட்டில் ஏறாது. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய அரிவாளும் ஏறாது.

நாங்குநேரி சொன்ன பாடம்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. காரணம், ஜாதி வெறி! அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்றார்.

கவனியுங்கள்: அவர் கத்தியோடு நிற்கவில்லை; கயிற்றையும் பார்த்தார். வெட்டு, கையில் தொடங்குவதில்லை, மனதில் தொடங்குகிறது.

ஆகவே பெற்றோர்களே, பையன் பெயருக்குப் பார்சல் வந்தால் பிரித்துப் பாருங்கள். கத்தி இருந்தால் அடிக்க வேண்டாம். "எதற்கு?" என்று கேளுங்கள். தோட்ட வேலைக்கு என்றால், தோட்டத்தோடு வைக்கச் சொல்லுங்கள். "பயமாக இருக்கிறது" என்றால், யாரைக் கண்டு பயம் என்று விசாரியுங்கள். பள்ளி ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்கப் போலீசார் வர வேண்டியதில்லை. வீட்டிலேயே ஆள் இருக்கிறது.