புராஜெக்ட் காரும் பாட்டில் மூடியும்

பள்ளியில் ‘புராஜெக்ட்’ என்றதும் நம்மவர்கள் கடைக்கு ஓடுகிறார்கள். தெர்மோகோல் வீடு, அட்டைக் கார் எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. பிள்ளை செய்ய வேண்டியது, பெயர் எழுதி ஒட்டுவது ஒன்றுதான். இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பது என் கருத்து. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனோடு உட்கார்ந்து ஒரு பிரீமியர் பத்மினியை அட்டையில் செய்து பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

பத்மினியை மும்பைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குர்லாவில் தயாரான பியட் கார்தான் 1974இல் இப்பெயர் பெற்றது. டாக்சியாக அதன் ஓட்டம் 2023 அக்டோபரோடு முடிந்தது.

முதலில் பையன் கண் மதிப்பிலேயே வெட்டினான். கூரை உயர்ந்து, மூக்கு குறுகி, அது வேறு ஏதோ வண்டியாக வந்தது. பிறகு எங்கள் தெருவில் நிற்கும் ஒரு பழைய பத்மினியை நாடா வைத்து அளந்தோம். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை 234 சென்டிமீட்டர். இருபதில் ஒரு பங்கு என்று வைத்தால் 11.7. இப்படி ஒவ்வொரு அளவையும் வகுத்து நோட்டில் எழுதியவன் அவனே. டியூஷன் வைத்தும் வராத தசமக் கணக்கு, ஒரு காருக்காக வந்தது!

சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடி. அதன் விட்டம் சுமார் 3 சென்டிமீட்டர். இருபதால் பெருக்கினால் 60. அசல் டயரும் ஏறக்குறைய அவ்வளவுதான். பானெட்டின் வளைவுதான் உயிரை வாங்கியது. அட்டை அப்படி வளையாது. விலா எலும்புபோல் குறுக்கே துண்டுகளை நிறுத்தி, பசை தடவிய காகிதத்தை ஏழெட்டுப் படலம் ஒட்டி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தோம். மழைக்காலம், காயவே நான்கு நாள். வலப்பக்க மட்கார்டு இன்னும் சற்று வீங்கித்தான் இருக்கிறது.

பரிசு கடையில் வாங்கிய மாடலுக்குப் போயிற்று. எனக்கு வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் ஆசிரியரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மேசைமேல் வரிசையாக வைத்தால் கடைச் சரக்குதான் பளபளக்கும். ஆகவே மாடலோடு அளவு எழுதிய நோட்டையும் பள்ளிகள் கேட்டு வாங்க வேண்டும். “இது எத்தனையில் ஒரு பங்கு, சக்கரத்தை எப்படிக் கணக்கிட்டாய்?” என்று பிள்ளையிடம் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மதிப்பெண்ணில் பாதியை அதற்கே கொடுக்கலாம்.

அளக்கப் போகிறவர்கள் வண்டிக்காரரிடம் முதலில் சொல்லிவிடுவது நல்லது. எங்களை அவர் இன்ஷூரன்ஸ் ஆட்கள் என்று நினைத்துவிட்டார்.