ஒரே பெயரில் இரு வட்டுகள்

பாட்டனாரின் பெயரைப் பேரனுக்குச் சூட்டுவது நம் குடும்பங்களில் வழிவழியாக வரும் வழக்கம். அதனால் ஒரே தெருவில் இரண்டு முஹம்மது காசிம்கள் இருப்பதும், ஒருவருக்கு வந்த கடிதம் மற்றவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதும் நாம் அறிந்ததே. கணினிக்குள்ளும் இத்தகைய குழப்பம் நேர்வதுண்டு.

லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர் ஒருவர், பழைய வன்தட்டிலுள்ள அனைத்தையும் அப்படியே புதிய வட்டில் படியெடுத்தார். பழையதைக் கழற்றாமலே விட்டுவிட்டார். பத்து நாள் கழித்து அதைக் கழற்றியபோது, அந்நாட்களில் எழுதிவைத்த மகளின் நிக்காஹ் செலவுக் கணக்கைக் காணவில்லை! புதிய வட்டு பழுதென்று எண்ணிய அவர், பழையதை அழித்துத் தம்பி மகனுக்குக் கொடுக்கவிருந்தார். நல்லவேளையாக அதற்கு முன் நம்மிடம் கேட்டார். கணக்கு முழுவதும் பழைய வட்டில்தான் இருந்தது.

காரணம் யாது? வட்டின் ஒவ்வொரு பிரிவுக்கும் ‘லேபிள்’ என்னும் பெயரிடலாம். எந்தப் பிரிவை எங்கே இணைப்பது என்பதை ‘எஃப்எஸ்டேப்’ என்னும் கோப்பைப் பார்த்தே லினக்ஸ் அறிகிறது. அக்கோப்பில் பெயர் மட்டும் இருந்து, அப்பெயரில் இரு பிரிவுகள் இருந்தால், அது இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். எதை என்பது நம் கையில் இல்லை. 2003இல் வெளிவந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9, எல்லாக் கணினிகளிலும் முதன்மைப் பிரிவுக்குச் சாய்கோடு ஒன்றையே பெயராக இட்டது. ஒரு கணினியின் வட்டை மற்றொன்றில் பொருத்தியவர்கள் அதனால் இடர்ப்பட்டனர்.

இக்குறையைத் தவிர்க்கவே, இன்றைய உபுண்டு போன்றவை ‘யூயூஐடி’ என்னும் 32 இலக்க அடையாளத்தைக் கையாள்கின்றன. ஆயினும் வட்டை முழுமையாகப் படியெடுத்தால் பெயரோடு அந்த அடையாளமும் படியாகிவிடும் என்பதை மறத்தலாகாது. நண்பருக்கு நேர்ந்ததும் அதுவே.

இனிச் செய்ய வேண்டுவன:

1. எந்த வட்டையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். கணினியை அணைத்து, ஒரு வட்டை மட்டும் வைத்து இயக்குங்கள். பிறகு மற்றதை மட்டும் வைத்து இயக்குங்கள். எதில் எது உள்ளதென்று தெரிந்துவிடும்.

2. புதிய வட்டில் கணினியை இயக்கியபின், பழையதை யூஎஸ்பி வழியே பொருத்துங்கள். ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையை ‘-எஃப்’ சேர்த்துக் கொடுத்தால் இரண்டின் பெயரும் அடையாளமும் திரையில் தோன்றும்.

3. விடுபட்ட கோப்புகளைப் புதியதில் சேர்த்துச் சரிபாருங்கள். பின்னர்ப் பழைய பிரிவின் இணைப்பை நீக்கி, ‘இ2லேபிள்’ கட்டளையால் வேறு பெயரிடுங்கள். எக்ஸ்ட்4 வகைப் பிரிவாயின் பெயர் 16 ஆங்கில எழுத்துகளுக்கு மேற்படலாகாது. ‘ட்யூன்2எஃப்எஸ்’ கட்டளையால் புதிய அடையாளமும் கொடுங்கள்.

4. மாற்றத்தைப் பழைய வட்டில் மட்டுமே செய்யுங்கள். புதியதில் மாற்றினால் எஃப்எஸ்டேப் கோப்பையும், கணினியைத் தொடங்கிவைக்கும் ‘கிரப்’ அமைப்பையும் திருத்த நேரும்.

பெயர் ஒன்றாயிருப்பது குற்றமன்று. ஆளை அறியாமல் பொருளை ஒப்படைப்பதே குற்றம். ஆகவே, படியெடுத்த அன்றே பழைய வட்டைக் கழற்றி, அதன்மேல் தாள் ஒட்டித் தேதியும் எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழியும்வரை அதை அழிக்கவும் வேண்டாம்.